மலையிலிருந்து இறங்கினால் விமானமா, ரயிலா? நீலகிரிக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

சென்னைக்கு விமானத்தில் போவதா, நீலகிரி எக்ஸ்பிரஸில் போவதா? கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பக்கம் இந்தக் கேள்வி எழாத வீடு இப்போது குறைவு. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்கிறார்கள். வயதானவர்களுக்கு மருத்துவமனை. மற்றவர்களுக்குக் கல்யாணம், இன்டர்வியூ, நீதிமன்ற வாய்தா. ஏதாவது ஒன்றுக்காகக் கீழே இறங்கியே ஆக வேண்டும். "எதுக்கம்மா ராத்திரி பூரா ரயில்ல கஷ்டப்படறீங்க, ஒரு மணி நேரத்துல வந்துடலாம், டிக்கெட் நான் போடறேன்" என்று மகன் சொல்கிறான். அம்மாவுக்குத் தயக்கம். அப்பாவுக்குச் செலவைப் பற்றிய கவலை. இப்படி நடுவில் மாட்டிக்கொண்டு கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மகன் சொல்லும் அந்த ஒரு மணி நேரம் கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டிலிருந்து சென்னை மீனம்பாக்கம் வரைக்கும்தான். நம் வீட்டு வாசலிலிருந்து பீளமேடு வருவதற்குள் பாதி நாள் போய்விடும். சமவெளியில் இருப்பவர்கள் செய்யும் ஒப்பீடு நமக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது இவற்றை: வாசலிலிருந்து வாசல் வரை ஆகும் நேரம், அந்த நேரத்தில் தூக்கத்துக்கோ வேலைக்கோ உதவுவது எவ்வளவு, கையிலிருந்து போகும் மொத்தப் பணம், உடம்புக்கு ஒத்துவருமா என்பது, கொண்டுபோகும் சுமை, டிக்கெட் கிடைக்கும் நிச்சயம். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று வைக்கிறேன். ஏதாவது தவறிப்போனால் நமக்கு என்ன இழப்பு?

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் இரண்டும் அடியோடு வேறுபடுகின்றன. ரயிலின் தொல்லை பெரும்பாலும் டிக்கெட் எடுக்கும்போதே வந்து முடிந்துவிடும். இடம் உறுதியாகிவிட்டால் அப்புறம் பெரிய சங்கடம் இல்லை. விமானத்தில் டிக்கெட் எடுப்பது ஐந்து நிமிட வேலை. தொல்லை ஆரம்பிப்பது கிளம்பும் நாளில். உங்கள் பயணம் எந்த வகைத் தொல்லையைத் தாங்கும் என்பதைப் பார்த்தால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

## இரண்டுக்கும் பொது: மலைப்பாதை

விமானமோ ரயிலோ, முதலில் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். கோத்தகிரியிலிருந்து முப்பத்துமூன்று. தடையில்லாத நாளில் ஊட்டியிலிருந்து இரண்டு மணி நேரம் போதும். ஆனால் தடையில்லாத நாள் எத்தனை? மே மாத சீசனில் மேலே வரும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழிப் பாதையாக விடுவார்கள். அப்போதும் நெரிசல் தீராது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பர்லியாறுக்கும் குன்னூருக்கும் நடுவே ஒரு மரமோ பாறையோ விழுந்தால் வண்டிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். 2009 நவம்பரில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்ததையும் ஊர் ஊராகப் பாதை அடைபட்டதையும் இந்த மலையில் யாரும் மறக்கவில்லை. பலாப்பழக் காலத்தில் யானைகள் கல்லாறு, பர்லியாறு பக்கம் ரோட்டுக்கு வந்து நிற்கும். பனி இறங்கிய இரவில் வண்டி ஊர்ந்துதான் போகும்.

ஆகவே மலையில் இருப்பவர் எந்தப் பயணத்துக்கும் ஓரிரண்டு மணி நேரத்தைக் கையிருப்பாக வைத்துத்தான் கிளம்ப வேண்டும். அந்தக் கையிருப்பு எங்கே செலவாகிறது என்பது முக்கியம். இரவு ரயிலுக்கு என்றால் ஒரு மாலைப் பொழுதில் அடங்கிவிடும். விமானத்துக்கு என்றால் பகலின் நல்ல நேரத்தை வெட்டி எடுக்கும்.

ஒரு பாதை அடைபட்டால் இன்னொன்றைப் பிடிக்கலாம் என்பது நமக்கு இருக்கும் வசதி. குன்னூர் ரோடு நின்றால் கோத்தகிரி ரோடு, கோத்தகிரி நின்றால் குன்னூர். மஞ்சூர், கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கும் மூன்றாவது பாதையும் இருக்கிறது. நாற்பத்துமூன்று கொண்டை ஊசி வளைவுகள், நெடுகக் காடு, யானை நடமாட்டம். அவசரத்தில் இருக்கும்போது அதை நம்பிக் கிளம்ப வேண்டாம் என்பதே என் எண்ணம்.

மலை ரயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஊட்டியில் மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பி மாலை மேட்டுப்பாளையம் சேரும் வண்டியில் வந்தால், இரவு நீலகிரி எக்ஸ்பிரஸைத் தாராளமாகப் பிடிக்கலாம். நேரம் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் டிக்கெட் கிடைப்பது அரிது. மழைக்காலத்தில் தண்டவாளத்தில் மண் சரிந்தால் சேவையையே நிறுத்திவிடுவார்கள். நேரத்தோடு போய்ச் சேர வேண்டிய பயணத்தில் இதை ஒரு கண்ணியாகச் சேர்க்காதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த ரயில் அது, இருந்தும் இப்படித்தான் சொல்வேன்.

## விமானம்

நேரம். ஊட்டியிலிருந்து சென்னைக்கு, மதியம் ஒரு மணி விமானம் என்று வைத்துக்கொள்வோம். உள்நாட்டு விமானத்துக்குப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பு செக்-இன் கவுண்டரை மூடிவிடுவார்கள். போர்டிங் கேட் புறப்பாட்டுக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் முன்பே மூடிவிடும். பதினொரு மணிக்காவது விமான நிலைய வாசலில் இருக்க வேண்டும். துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி நெரிசலையும் மலைப்பாதையின் கையிருப்பையும் சேர்த்தால் காலை ஏழு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். சென்னையில் இரண்டேகால் வாக்கில் இறங்கி, பெட்டி வரும்வரை நின்று, ஊருக்குள் போய்ச் சேர நாலு மணி. ஒன்பது மணி நேரம். இதில் பறந்தது சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். மீதி நேரத்தில் வரிசையிலோ வண்டியிலோ இருக்கிறோம். தூங்கவும் முடியாது, உட்கார்ந்து ஒரு வேலை பார்க்கவும் முடியாது.

காலை ஆறு, ஏழு மணி விமானங்கள் கட்டணத்தில் மலிவாகத் தெரியும். நமக்கு அவை மலிவே இல்லை. நள்ளிரவுக்கு மேல் மலை இறங்க வேண்டும், அல்லது முந்தைய நாளே கோவையில் அறை எடுக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு வந்திறங்கும் விமானமும் அப்படித்தான். மலைக்காரர்களுக்கு ஏற்றது காலை பதினொன்றிலிருந்து மாலை மூன்றுக்குள் கோவையில் ஏறும் அல்லது இறங்கும் விமானம் மட்டுமே. டிக்கெட் போடும் பிள்ளைகளிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் விலையைப் பார்த்து அதிகாலை விமானத்தைப் போட்டுவிடுகிறார்கள், இங்கே அப்பாவும் அம்மாவும் இரவு ஒரு மணிக்கு டாக்சியில் ஏறுகிறார்கள்.

தவறினால். கவுண்டர் மூடிய பிறகு ஐந்து நிமிடம் தாமதமாக வந்தாலும் விமானம் போனதுதான். பர்லியாற்றில் மரம் விழுந்தது என்பது அங்கே ஒரு காரணமே ஆகாது. கட்டணம் முழுவதும் போகும். ஆனாலும் பயணம் செய்யாதவருக்கு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. கேட்டால்தான் வரும், பலர் கேட்பதில்லை. சின்னத் தொகைதான், ஆனாலும் நம் பணம்.

விமானமே தாமதமானால் என்ன செய்யலாம் என்பதும் தெரிந்திருக்கட்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். ரத்தாகும் செய்தியை இருபத்துநான்கு மணி நேரம் முன்னதாகச் சொல்லாமல், ஏற்கத்தக்க மாற்று விமானமும் தராமல் விட்டால் இழப்பீடு உண்டு. ஒரு மணி நேரம் வரை பறக்கும் விமானத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000 என்பது உச்சவரம்பு. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் கிடைக்கும். வானிலை போன்ற காரணமென்றால் எதுவும் கிடையாது.

இந்த விதிகள் எல்லாம் ஊருக்குள் வீடு இருப்பவரை மனதில் வைத்து எழுதியவை. சென்னைக்காரர் விமானம் ரத்தானால் வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வருவார். நாம் மலை இறங்கிவிட்டோம். டாக்சி வாடகையை யாரும் தரப்போவதில்லை. திரும்ப ஏறினால் இன்னொரு வாடகை, இல்லாவிட்டால் அறை வாடகை. 2025 டிசம்பர் தொடக்கத்தில் விமானிகளின் பணிநேர விதிகள் மாறியபோது நாடு முழுக்க ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி, நிலையங்களில் ஜனங்கள் தரையில் படுத்துக் கிடந்தார்கள். அப்படிப்பட்ட நாள் அடிக்கடி வராது. ஆனால் கோவையிலிருந்து ஒரு ஊருக்கு இருக்கும் விமானங்களே கொஞ்சம். ஒன்று போனால் அடுத்தது மறுநாளாக இருக்கலாம். சென்னையோ ஹைதராபாத்தோ மாறிப் போகும் டிக்கெட் என்றால், இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டில் போடுவது அவசியம். தனித்தனியாகப் போட்டால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

பணம். திரையில் தெரியும் கட்டணத்தோடு இருக்கை தேர்வு, இணையத்தில் பதிவு செய்யும் கட்டணம், கூடுதல் எடை ஆகியவை சேரும். ஊட்டியிலிருந்து கோவை விமான நிலையத்துக்கு டாக்சி மூவாயிரம் ரூபாயை ஒட்டி ஆகும். குடும்பமாக நான்கு பேர் போனால் தலைக்குக் குறைவு, தனியாகப் போகிறவருக்குப் பாதி விமானக் கட்டணம். பேருந்தில் போகலாமா என்றால் போகலாம். மேட்டுப்பாளையம் ரோடு பேருந்து நிலையத்தில் இறங்கி, காந்திபுரம் போய், அங்கிருந்து அவிநாசி ரோட்டில் சித்ரா நிறுத்தம் வரைக்கும் இன்னொரு பேருந்து. பெட்டியோடு இது சிரமம். கூடவே ஒரு மணி நேரம் அதிகம்.

திரும்பி வரும்போது கோவை டாக்சியைப் பிடித்தால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி வெளி வாகனங்களுக்கு இது நடைமுறையில் இருக்கிறது. நீலகிரியின் டி.என். 43 பதிவு வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துக்கும் தேவையில்லை. ஊர் டாக்சியை வரச்சொன்னால் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் இரண்டு பக்க வாடகை கேட்பார்கள்.

உடம்பு. பலருக்குத் தெரியாத ஒன்று இங்கே இருக்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தத்தைச் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமமாக வைத்திருப்பார்கள். ஊட்டி சுமார் 7,350 அடி. அதாவது விமானத்துக்குள் இருக்கும் காற்று நம் வீட்டுக் காற்று மாதிரிதான். அதனால் மூச்சுக்கு நமக்குப் புதிதாக எதுவும் இல்லை. சிக்கல் காதுக்குத்தான். காலையில் ஊட்டியிலிருந்து கோவைக்கு இறங்குகிறோம். அங்கிருந்து இருபது நிமிடத்தில் மறுபடி ஊட்டி உயரம். பிறகு கடல் மட்டத்துக்கு இறக்கம். ஒரே நாளில் காது இருமுறை மலை இறங்குகிறது. சளி, சைனஸ் இருப்பவர்களுக்கு இறங்கும்போது வலி உயிரை வாங்கும். எச்சில் விழுங்குவதும் மிட்டாய் சப்புவதும் உதவும். கைக்குழந்தைக்கு விமானம் இறங்கத் தொடங்கும்போது பால் கொடுங்கள். சளி முற்றியிருந்தால் அந்த வாரம் விமானம் வேண்டாம். ஏழு மாதம் தாண்டிய கர்ப்பிணிகளிடம் பொதுவாக மருத்துவர் சான்று கேட்பார்கள், முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

நடக்க முடியாத பெரியவர்களுக்கு விமான நிலையம் ஒரு விதத்தில் நல்லது. டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிட்டால் வாசலிலிருந்து இருக்கை வரை ஆள் கூடவே வருவார்.

சுமை. பெரும்பாலான விமானங்களில் பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. அதற்கு மேல் கிலோவுக்குச் சில நூறு ரூபாய். மகள் வீட்டுக்குக் கேரட், பீட்ரூட், தேயிலைத்தூள், வர்க்கி என்று கட்டிக்கொண்டு போகும் நமக்கு இது போதாது. நீலகிரித் தைலம் எரியக்கூடிய எண்ணெய், பெரிய பாட்டில் சோதனையில் நின்றுவிடும். கொப்பரைத் தேங்காயைக் கைப்பையில் விடமாட்டார்கள். பவர்பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் வைத்தால் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

விமானம் மேல் என்று சொல்லும் சமயங்கள். திடீரென்று கிளம்ப வேண்டிய நேரம், ரயிலில் இடமே இல்லாத பண்டிகை நாள், டெல்லி, மும்பை மாதிரி தூரம், இரவு முழுக்க ரயிலில் படுக்க முடியாத நோயாளி. சென்னையில் போக வேண்டிய இடம் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் என்றால் விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, அதுவும் ஒரு லாபம்.

## ரயில்

நேரம். நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையத்தில் இரவு ஒன்பது மணி வாக்கில் கிளம்பி, காலை ஆறரைக்குள் சென்னை சென்ட்ரல் சேரும். ஊட்டியிலிருந்து மாலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் போதும். மொத்தம் பதினான்கு மணி நேரம் ஆகிறது, விமானத்தைவிட ஐந்து மணி அதிகம். ஆனால் அதில் எட்டு மணி தூக்கம். வேலை நாள் ஒன்றும் கெடவில்லை. காலையில் தோட்டத்து வேலையையோ அலுவலக வேலையையோ முடித்துவிட்டு இறங்கலாம். மறுநாள் பத்து மணி மருத்துவமனைச் சீட்டுக்கு நேரத்தோடு போகலாம்.

திரும்பும்போது இது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. சென்ட்ரலில் இரவு ஒன்பது மணி வாக்கில் ஏறினால் காலை ஆறரைக்குள் மேட்டுப்பாளையம். மலைப்பாதை வெறிச்சென்று இருக்கும் நேரம். பேருந்து காத்திருக்கும். ஒன்பது, ஒன்பதரைக்கு ஊட்டியில் இருக்கலாம்.

இந்த வண்டியின் பெரிய நன்மை ஒன்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு முனையும் கடைசி நிலையம். மேட்டுப்பாளையத்தில் வண்டி வந்து நிற்கும், அப்பா நிதானமாகப் படியேறலாம். சென்னையில் எங்கே இறங்குவது என்று விழித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, எல்லாரும் இறங்கும் இடத்தில் இறங்கினால் போதும். கோவை ஜங்ஷனில் சில நிமிடமே நிற்கும் வண்டியில் பெட்டியோடும் பாட்டியோடும் ஏறிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தனியாகப் போகும் பெரியவர்களுக்கு இதற்காகவே ரயிலைச் சொல்வேன்.

கோவையிலிருந்து சேரன் எக்ஸ்பிரஸும் இரவு வண்டிதான். நீலகிரியில் இடமில்லாவிட்டால் அடுத்து அதைப் பார்க்கலாம். 2023 ஏப்ரலில் வந்த வந்தே பாரத் கோவையிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் சென்னை போகிறது, ஆனால் கிளம்புவது காலை ஆறு மணிக்கு. மலையில் இருப்பவருக்கு அதிகாலை விமானத்தில் உள்ள அதே கஷ்டம்தான். கோவையில் உறவினர் வீடு இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

டிக்கெட். ரயிலின் உண்மையான வேதனை இங்கேதான். 2024 நவம்பர் முதல் அறுபது நாள் முன்புதான் முன்பதிவு. பொங்கல், தீபாவளிக்குக் காலை எட்டு மணிக்குத் திறந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நீலகிரி எக்ஸ்பிரஸ் பெயரில் நம்முடையது, ஆனால் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் ஜனங்கள் எல்லாரும் அதே வண்டியில்தான் ஏற வேண்டும். வெயிட்டிங் லிஸ்டில் மாட்டினால் வண்டி கிளம்பப் பல மணி நேரம் முன்பு இடம் ஒதுக்கும் இறுதிப் பட்டியலான சார்ட் போடும்வரை நிம்மதி கிடையாது. சார்ட்டுக்குப் பிறகும் உறுதியாகாவிட்டால் இணைய டிக்கெட் தானாகவே ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏற முடியாது.

தட்கல் முந்தைய நாள் காலையில், ஏசிக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொன்று. 2025 ஜூலை முதல் ஆதார் இணைத்த கணக்கில் மட்டுமே இணையத்தில் தட்கல் எடுக்க முடியும். வீட்டில் ஒருவரின் கணக்கையாவது இன்றே இணைத்து வையுங்கள். அவசரம் வந்த பிறகு உட்கார்ந்து இணைக்க நேரம் இருக்காது.

மேட்டுப்பாளையத்திலிருந்தே டிக்கெட் போடுங்கள், கோவையில் ஏறுவதாக இருந்தாலும் கூட. வண்டி புறப்படும் நிலையத்திலிருந்து எடுக்கும் காத்திருப்பு டிக்கெட் பொதுப் பட்டியலில் வரும், அது உறுதியாகும் வாய்ப்பு இடைநிலையப் பட்டியல்களைவிட அதிகம். ஏறும் நிலையத்தைக் கோவை என்று பதிவில் குறிப்பிட்டுவிடுவது மட்டும் முக்கியம், இல்லாவிட்டால் பரிசோதகர் உங்கள் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம்.

தவறினால். ரயிலைத் தவறவிட்டாலும் பணம் போகும்தான். ஆனால் போவது சில நூறு ரூபாய், விமானத்தில் போவது பல ஆயிரம். வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகக் கிளம்பினால் பயணம் செய்யாமல் முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். வண்டி கிளம்புவதற்கு முன்பே டி.டி.ஆர். என்னும் பணம் திரும்பக் கேட்கும் மனுவைப் பதிவு செய்ய வேண்டும். இன்னொரு ஆறுதலும் உண்டு. மலைப்பாதை காலை வாரிவிட்டு மேட்டுப்பாளையத்தில் வண்டி போய்விட்டாலும், காந்திபுரத்திலிருந்து இரவெல்லாம் சென்னைக்குப் பேருந்து இருக்கிறது.

பணம். ஸ்லீப்பரில் ஐந்நூறு ரூபாய்க்குள், மூன்றடுக்கு ஏசியில் ஆயிரத்தை ஒட்டி. மேட்டுப்பாளையம் வரை பேருந்துக்கு நூறு ரூபாய் கூட ஆகாது. மறைந்த செலவு என்று பார்த்தால் சென்ட்ரலில் இறங்கிய பின் ஆட்டோக்காரர் கேட்பதுதான். மெட்ரோ நிலையம் அங்கேயே இருக்கிறது, அதில் ஏறுங்கள். மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், திருப்பித் தரவில்லை. இது பெரிய அநியாயம் என்பது என் கருத்து. விமானத்துக்குப் பணமில்லாத பெரியவர்களைத்தான் அது தொடுகிறது.

உடம்பும் சுமையும். கழிவறை, குறட்டை, நடு பெர்த், பாதி ராத்திரியில் விளக்கைப் போடுகிறவர்கள். ஸ்லீப்பரில் மேட்டுப்பாளையத்துப் புழுக்கம் மலைக்காரர்களை வாட்டும். ஏப்ரல், மே மாதங்களில் அம்மா அப்பாவுக்கு ஏசி எடுத்துவிடுங்கள், அந்த ஐந்நூறு ரூபாய் வீணில்லை. ஏசியில் போர்வை தருவார்கள், ஸ்லீப்பரில் நாமே கொண்டுபோவது நல்லது. அறுபது வயதான ஆண்களுக்கும் நாற்பத்தைந்து வயதான பெண்களுக்கும் லோயர் பெர்த் ஒதுக்கீடு உண்டு. அதிகபட்சம் இருவர் மட்டும் உள்ள டிக்கெட்டாகத் தனியாகப் போட்டால்தான் அது பொருந்தும். குடும்பம் முழுவதையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்துவிட்டு, பாட்டிக்கு மேல் பெர்த் வந்துவிட்டது என்று வருந்துகிறோம்.

சுமைக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 40 கிலோ வரை இலவசம். காய்கறி மூட்டையோடு போகிறவர்களுக்கு வேறு யோசனையே தேவையில்லை.

## ஊட்டியிலிருந்து சென்னை: பக்கத்தில் பக்கத்தில்

| | விமானம் | இரவு ரயில் |
|---|---|---|
| வாசலிலிருந்து வாசல் | சுமார் 9 மணி, பகலில் | சுமார் 14 மணி, எட்டு மணி தூக்கம் |
| கெடும் வேலை நேரம் | ஒரு முழு நாள் | ஒரு மாலை |
| தனியாள் செலவு, வண்டி வாடகையோடு | பெரும்பாலும் 6,000 ரூபாய்க்கு மேல் | 600 முதல் 1,200 ரூபாய் |
| கடைசி நேர டிக்கெட் | கிடைக்கும், விலை ஏறும் | தட்கல், நிச்சயமில்லை |
| தவறினால் இழப்பு | அதிகம் | குறைவு |
| இலவசச் சுமை | 15 + 7 கிலோ | 40 கிலோ |
| சளி, காது வலி | சிரமம் | பரவாயில்லை |
| சக்கர நாற்காலி உதவி | நன்று | நிலையத்தைப் பொறுத்தது |

## வேறு ஊர்கள் என்றால்

டெல்லிக்கு ரயிலில் கிட்டத்தட்ட இரண்டு நாள். வீட்டுச் சாமானோடு மாற்றலாகிப் போகும் வெலிங்டன் ராணுவக் குடும்பங்களுக்கு ரயில் பொருந்தும். மற்றவர்களுக்கு விமானம்தான், இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை.

பெங்களூருக்கு இரண்டுமே வேண்டாம் என்பேன். கூடலூர், மைசூர் வழியாகப் பகல் பேருந்தில் ஏழெட்டு மணி நேரம். கோவைக்கு இறங்கி, விமானம் ஏறி, தேவனஹள்ளியில் இறங்கி நகருக்குள் வருவதற்கும் அதே நேரம் ஆகிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பந்திப்பூர் காட்டுக்குள் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை வாகனங்களுக்குத் தடை, அரசுப் பேருந்துகள் சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. சொந்த வண்டியோ டாக்சியோ என்றால் வெளிச்சத்தோடு கடந்துவிட வேண்டும்.

கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கணக்கே வேறு. அவர்கள் கோவைக்கு வர முதலில் ஐம்பது கிலோமீட்டர் ஊட்டிக்கு ஏறி, மறுபக்கம் இறங்க வேண்டும். நாடுகாணி, நிலம்பூர் வழியாகக் கோழிக்கோட்டின் கரிப்பூர் விமான நிலையம் அவர்களுக்குப் பக்கம். வளைகுடாவில் வேலை பார்க்கும் குடும்பங்கள் பலவும் அந்த வழியையே பிடிக்கின்றன. விமானத்தை விலை பார்க்கும்போது கோவையோடு கோழிக்கோட்டையும் சேர்த்துப் பாருங்கள். சென்னைக்கு என்றால் கூடலூரிலிருந்தும் இரவுப் பேருந்து அல்லது மேட்டுப்பாளையம் ரயிலே மேல்.

## போக ஒன்று, வர ஒன்று

இரண்டு பக்கத்துக்கும் ஒரே வாகனம் என்று கட்டாயம் இல்லை. மருத்துவமனைப் பயணத்துக்கு நான் சொல்வது எப்போதும் இதுதான். போகிற தேதி முன்பே தெரியும், ஆகவே அறுபது நாளுக்குள் ரயிலில் லோயர் பெர்த் எடுத்துவிடுங்கள். எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்பது யாருக்கும் தெரியாது. வரும் டிக்கெட்டை முன்கூட்டியே போட்டு ரத்து செய்து நஷ்டப்படுவதைவிட, மருத்துவர் தேதி சொன்னதும் விமானத்தைப் பாருங்கள். அறுவை சிகிச்சை முடிந்தவரை விமானத்தில் ஏற்றலாமா என்று அவரிடமே கேட்டுவிட வேண்டும். ஆம் என்றால் கோவையில் மதியத்துக்குள் இறங்கும் விமானமாக எடுங்கள், ஊர் டாக்சியை விமான நிலையத்துக்கே வரச்சொல்லுங்கள், நாலு மணிக்குள் கல்லாறு தாண்டிவிடலாம். வேண்டாம் என்றால் அன்றே மறுநாள் தட்கலுக்கு ஆதார் இணைத்த கணக்கோடு ஒருவரைக் காலை பத்து மணிக்கு உட்காரவையுங்கள்.